ஒரே பாஷை

எழுபத்தொன்பதாம் வருஷம் ஆவணி மாதம், சகாதேவனின் வீட்டில் இனி ஒரே பாஷைதான் பேச வேண்டும் என்று சென்னையில் ஓர் ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லிவிட்டார்.

தாய் தெலுங்கு, தகப்பன் தமிழ். நடுவில் இருக்கிற பிள்ளை எதைப் பிடித்துக்கொள்ளும்? குழம்பிப்போய்த்தான் தெய்வாவுக்கு ஐந்து வயதாகியும் பேச்சு வரவில்லை என்றார். ஊர் தமிழ், பள்ளிக்கூடம் தமிழ், ஆகவே வீடும் தமிழ். எது வேண்டுமானாலும் அவள் வாய்விட்டுத் தமிழில் கேட்க வேண்டும், கேட்டால்தான் கொடுக்க வேண்டும். தை பிறந்ததும் மறுபடி அழைத்து வாருங்கள், அப்போதும் இப்படியே இருந்தால் இந்த மாதிரிப் பிள்ளைகளை வைத்துக்கொள்கிற விடுதி ஒன்று இருக்கிறது, அங்கே விட்டுவிடலாம் என்றார்.

"இப்ப எதுவுமே பேச மாட்டாளா?" என்று கேட்டார்.

"பேசும் சார்," என்றாள் தாய் மஸ்தானம்மா. "தாகம் ஆனா 'படவ வச்சிந்தி'னு சொல்லும்."

படகு வந்துவிட்டது என்று அர்த்தம். பழவேற்காடு ஏரியின் வடக்கே, ஆந்திரப் பக்கத்தில் இருந்தது மஸ்தானம்மாவின் பிறந்த ஊர். அங்கே ஒருநாள் கொளுத்தும் வெயிலில் படகுக்குக் காத்திருந்தார்கள். கொண்டுபோன தண்ணீர் தீர்ந்து, பிள்ளை அழுது அழுது தொண்டை வறண்டு கிடந்தபோது யாரோ 'படவ வச்சிந்தி' என்று கத்தினார்கள். படகுக்காரர் தன் குடத்திலிருந்து தண்ணீர் கொடுத்தார். அதற்குப் பிறகு தாகம் எடுக்கும்போதெல்லாம் தெய்வா அதைத்தான் சொன்னாள். விழுந்து அடிபட்டால் 'ஊருக்கோ, ஊருக்கோ' என்பாள். அழாதே, அழாதே என்று அம்மா எப்போதோ தேற்றியது.

இதையெல்லாம் மஸ்தானம்மா தட்டுத்தடுமாறிச் சொல்லி முடிப்பதற்குள் டாக்டர் தலையை ஆட்டிவிட்டார்.

"அது பேச்சு இல்லம்மா. கிளி சொல்ற மாதிரி. அதுக்கு நீங்க பதில் குடுக்கறதாலதான் வேற எதுவும் கத்துக்க மாட்டேங்கறா."

பழவேற்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, லைட்ஹவுஸ் குப்பத்துக்குப் படகில் வருகிறவரை சகாதேவன் அதையே சொல்லிக்கொண்டு வந்தான். அவன் கெட்டவன் இல்லை. ஏரியில் சுத்துவலை போடுகிறவன். மகளை ஒருநாளும் கை நீட்டி அடித்ததில்லை. படித்தவர் ஒருவர் கடைசியில் ஒரு காரணத்தைக் கையில் கொடுத்துவிட்டார் என்கிற நிம்மதி அவன் முகத்தில் தெரிந்தது.

பக்கத்து வீட்டில் இருந்த அவன் அக்கா பவுனம்மாளுக்கு மட்டும் இதில் கொஞ்சம் ஏமாற்றம். வசம்பை அளவுக்கு மேல் நாக்கில் தடவித்தான் மஸ்தானம்மா பிள்ளையின் பேச்சைக் கெடுத்தாள் என்று அவள் குப்பம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். ஆனாலும் தெலுங்கும் மஸ்தானம்மா கொண்டுவந்ததுதானே என்று சமாதானம் ஆனாள்.

"இன்னாமே, இனிமே என்னை வதினானு கூப்புடாத. அண்ணினு கூப்புடு. டாக்டரே சொல்லிக்கீறாரு."

மீனுக்கு விலை பேசவும், கிணற்றடியில் சண்டை போடவும் போதுமான தமிழ் மஸ்தானம்மாவிடம் இருந்தது. பிள்ளையைக் கொஞ்சுவதற்கு இல்லை. தலை வாரும்போது சொல்வது, சோறு ஊட்டும்போது சொல்வது, தூங்கப் பண்ணும்போது வாய் தானாக முணுமுணுப்பது எல்லாம் தெலுங்கில் இருந்தன. அதற்கெல்லாம் தமிழில் என்ன என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே தலை வாரி முடிந்துவிடும். யாரிடமாவது கேட்கலாம். கேட்டு வாங்கிச் சொன்னால் அது கொஞ்சலா? அவள் பேசாமலே வாரினாள், பேசாமலே ஊட்டினாள்.

முதல் வாரம் தெய்வா வாசலில் நின்று "படவ வச்சிந்தி" என்றாள். மஸ்தானம்மா சொம்பில் தண்ணீரோடு எதிரே உட்கார்ந்தாள்.

"தண்ணி. சொல்லு. தண்ணி."

"படவ வச்சிந்தி."

"ஒரு படவும் வரல," என்று சொல்லிச் சிரித்தாள் மீன் அரிந்துகொண்டிருந்த பவுனம்மாள். "தண்ணினு கேளுடி, என் ராஜாத்தி. அத்தை சொல்றேன் பாரு. தண்ணி!"

தெய்வா யார் முகத்தையும் பார்க்கவில்லை. சொம்பையும் பார்க்கவில்லை. அந்த வாக்கியத்தையே திரும்பத் திரும்ப, வரவரச் சத்தமாகச் சொன்னாள். பிறகு சுவரில் தலையை முட்டிக்கொள்ள ஆரம்பித்தாள். மஸ்தானம்மா சொம்பைக் கொடுக்க எழுந்தாள்.

"குடுத்துட்டியா, போச்சு!" என்றாள் பவுனம்மாள்.

மஸ்தானம்மா அப்படியே நின்றாள். மகள் என்ன கேட்கிறாள் என்று தெரியும். தெரிந்துகொண்டே தெரியாதவள்போல் நிற்க வேண்டும். பிள்ளைக்கு வைத்தியம் என்று ஒப்புக்கொண்டு வந்தது இதைத்தானா என்று நினைத்தாள். கடைசியில் பிள்ளை களைத்துப்போய்த் தூங்கிவிட்ட பிறகு, உதட்டில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டாள்.

மழைக்காலம் முடிவதற்குள் தெய்வா அதைச் சொல்வதை நிறுத்திவிட்டாள். 'ஊருக்கோ' நின்றது. தூங்குவதற்கு முன் தனக்குள் இழுத்துக்கொண்டிருந்த ராகமும் நின்றது. சாப்பாடும் தண்ணீரும் வேளைக்கு வைத்தார்கள்; வைத்தால் எடுத்துக்கொண்டாள். இடையில் எதுவும் கேட்கவில்லை.

சகாதேவனுக்குச் சந்தோஷம். "பாத்தியா, தெலுங்கு போயிடுச்சு. இனிமே தமிழ் வந்துரும்."

மஸ்தானம்மாவும் சில மாதங்களாக வீட்டில் அதிகம் பேசுவதில்லை என்பதை அவன் கவனித்ததாகத் தெரியவில்லை. ஒன்று போனால் அந்த இடத்துக்கு இன்னொன்று வந்துதான் ஆக வேண்டும் என்று யார் சொன்னது? அந்தக் கேள்வியைத் தமிழில் எப்படிக் கேட்பது என்று வலை உலர்த்தும்போது நினைப்பாள். கேட்டால் டாக்டரைவிடத் தெரிந்தவளா நீ என்பான். எண்ணம் அதோடு முறிந்துவிடும்.

தை பிறந்தது. மறுநாள் காலை சென்னைக்குப் போக வேண்டும். சகாதேவன் வெள்ளைச் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டிருந்தான். பிற்பகலில் பவுனம்மாள் போட்ட கூச்சலில் மஸ்தானம்மா ஓடினாள்.

கருவாட்டுக்கு மீன் ஊறப்போட்டிருந்த உப்புத் தொட்டியின் பக்கத்தில் தெய்வா குந்தியிருந்தாள். இரண்டு கையாலும் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்துக்கொண்டிருந்தாள். குமட்டியது. குமட்டலோடு மறுபடி அள்ளினாள்.

தூக்கிக்கொண்டு வந்தபோது மஸ்தானம்மாவின் தோளிலேயே வாந்தி எடுத்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். வலி எத்தனை இருந்தாலும் 'ஊருக்கோ' என்று சொல்லவில்லை. அழவும் இல்லை.

பொழுது சாயும்போது சகாதேவன் வந்தான். அக்கா சொல்லக் கேட்டான்.

"நாளைக்கு டாக்டராண்ட சொல்லிடலாம்," என்றான். "விடுதியில நல்லா பாத்துக்குவாங்களாம்."

"அங்க யாருய்யா பாப்பாங்க?"

"அதுக்குனு ஆளுங்க கீறாங்க."

"தாகம்னு இவ சொன்னா அவங்களுக்குத் தெரியுமா?"

"இவதான் எதுவும் சொல்றதில்லியே."

"சொன்னா!" மஸ்தானம்மாவின் குரல் வீட்டுக்கு வெளியே போயிற்று. "சொல்லினு இருந்தா! நீ நிறுத்தின. உங்கக்கா நிறுத்தினா. நான் நிறுத்தினேன். கையில தண்ணி வெச்சினு, குடுக்காம நிறுத்தினேன்."

"அவளுக்குப் பேச்சு வரட்டும்னுதானே..."

அதற்கு மேல் அவளுக்குத் தமிழ் வரவில்லை. தெலுங்கில் தொடர்ந்தாள். ஆவணியிலிருந்து உள்ளே கிடந்ததெல்லாம் வந்தது. அவனுக்குப் பாதி புரிந்திருக்கும். புரிந்த பாதியே போதும்போலத் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். பவுனம்மாள் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

அந்தச் சத்தத்துக்கு நடுவே தெய்வா எழுந்தாள். தள்ளாடிக்கொண்டே வந்து அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. கையை மட்டும் ஏதோ ஒரு பொருளை இழுப்பதுபோல இழுத்துக்கொண்டு போய், தண்ணீர்ப் பானையின் மூடிமேல் வைத்தாள்.

மஸ்தானம்மா மூடியைத் திறந்தாள்.

"சொல்ல வெய்யிமே," என்றாள் பவுனம்மாள். குரலில் பழைய வேகம் இல்லை.

"சொல்லிட்டா."

சொம்பு நிறைய மொண்டு கொடுத்தாள். தெய்வா நெஞ்செல்லாம் நனையக் குடித்தாள்.

காலையில் ஏரியைத் தாண்டுகிற படகு கிளம்பும் நேரத்துக்குச் சகாதேவன் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தான். மஸ்தானம்மா மகளின் தலையை வாரிக்கொண்டிருந்தாள். பழைய புடவையிலேயே இருந்தாள். வாரிக்கொண்டே தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தாள். சிக்கைப் பற்றி, நேற்றைய வாந்தியைப் பற்றி, என்னென்னவோ. தெய்வா மணலில் விரலால் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். அவள் கேட்கிறாளா, காதில் விழுகிறதா, எதுவும் தெரியவில்லை. ஒரு சத்தமும் அவளிடமிருந்து வரவில்லை. மஸ்தானம்மா நிறுத்தவில்லை.

"டாக்டராண்ட இன்னா சொல்றது?" என்று கேட்டான் சகாதேவன்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மகளிடம் பேச வேண்டியது இன்னும் நிறைய இருந்தது.

படகுத்துறையிலிருந்து யாரோ அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவன் சட்டைப் பித்தானைக் கழற்றத் தொடங்கினான்.