மாடியில் லினக்ஸ்

அட்டைப்பெட்டிக் கம்பெனியில் கணினிகளைப் பார்த்துக்கொள்ள இரண்டு பேர். ஒருவரை எல்லோரும் சிஸ்டம்காரர் என்பார்கள். இன்னொருவன் அவருடைய மைத்துனன். மனைவியின் நச்சரிப்பு தாங்காமல் அவரே முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி அவனைச் சேர்த்துவிட்டிருந்தார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது வேறெப்படி இருக்கும்?

"லினக்ஸ் போட்டுடலாம் சார், லைசென்ஸ் செலவே கிடையாது" என்று யோசனை சொன்னவரும் சிஸ்டம்காரர்தான். முதலாளிக்கு வாயெல்லாம் பல். ஆனால் கணக்கு மேனேஜர், "எனக்கு இந்தப் புதுக் கருமாந்திரமெல்லாம் வேண்டாம்" என்று ஒற்றைக்காலில் நின்றார். ஆகவே மாடியிலிருந்த ஆர்டர் பிரிவு மட்டும் மாறியது. கீழே கணக்குப் பிரிவும் முதலாளி அறையும் பழைய விண்டோஸ் சிஸ்டத்திலேயே இருந்தன. கீழ்த்தளம் மைத்துனன் பொறுப்பு.

முதலில் மாடியில் ஒரே கூப்பாடு. பிரிண்ட் வரவில்லை, ஃபைலைக் காணோம், எழுத்து மாறிவிட்டது. சிஸ்டம்காரர் ஒவ்வொரு நாற்காலியாகப் போய் உட்கார்ந்து, வசவு வாங்கி, சொல்லிக்கொடுத்தார். மெல்ல மாடி அடங்கியது. அதன்பிறகு அவரை யாரும் கூப்பிடவே இல்லை. எல்லோரும் சாப்பிடப் போகும் நேரத்தில், செய்யவேண்டியதை ஓசையில்லாமல் செய்துவைப்பார்.

கீழே வாரத்துக்கு ஒரு வைரஸ். மைத்துனன் பென் டிரைவும் கையுமாக, காலில் சக்கரம் கட்டியவன்போல ஓடினான். அந்த வைரஸில் பாதி அவன் பென் டிரைவிலிருந்தே வந்தது. சிஸ்டம்காரருக்கு அது தெரியும். வீட்டில் மனைவி மூக்கைச் சிந்துவதை யார் பார்ப்பது என்று வாயை மூடிக்கொண்டார்.

வியாபாரம் படுத்தது. இருவரில் ஒருவர் போகவேண்டும் என்ற பேச்சு வந்தது.

"தம்பிக்கு இப்பதாங்க குழந்தை பொறந்திருக்கு. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்று மனைவி கண்கலங்கினாள்.

தன் வேலைக்கு ஆபத்து வரும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. மறுநாள் முதலாளி அறைக்குள் போனார்.

"சார், என் மைத்துனனை அனுப்பிடாதீங்க."

"அவனை எப்படிங்க அனுப்புவேன்? நாள் பூரா நாயா ஓடுறான். அவன் இல்லேன்னா கீழ எதுவுமே நடக்காது. நீங்கதான்... நான் பார்க்கும்போதெல்லாம் சும்மா உட்கார்ந்திருக்கீங்க."

"மாடியில எதுவும் கெடறதில்லையே சார்!"

"அதைத்தாங்க நானும் சொல்றேன். அங்க ஆள் எதுக்கு?"

பென் டிரைவைப் பற்றி அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் வயிற்றெரிச்சலில் பேசுகிறான் என்பார்கள். வெளியே வந்தார்.

வீட்டுக் கதவைத் திறந்ததும் திறக்காததுமாக மனைவி கேட்டாள். "என்னங்க ஆச்சு? தம்பி தப்பிச்சானா?"

"தப்பிச்சான்."

"அப்பாடா! வயித்துல பால வார்த்தீங்க" என்று வாய்கொள்ளாமல் சிரித்தாள்.

இருந்தது இரண்டே பேர் என்பது அவளுக்கு உறைக்கச் சற்று நேரமானது. பிறகு அழுதாள், முதலாளியைச் சபித்தாள், தம்பியைக்கூடத் திட்டினாள். அவருக்கு எதுவும் காதில் ஏறவில்லை. முதலாளியைக்கூட மன்னித்துவிடலாம், அந்தச் சிரிப்பை மன்னிக்கவே முடியாது என்று நினைத்துக்கொண்டார்.