தெய்வானையின் கண்கள்

நல்லரத்தினம் கமராவுக்கு முன்னால் இருத்திய ஆட்களில் பாதிப்பேருக்கு மூச்சு இல்லை. இதை நேரே சொன்னால் மனிதருக்குக் கோபம் வரும். என்ன செய்வது, உண்மை அதுதான். ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளில் மட்டக்களப்பில் உயிரோடு நடமாடும் ஒருவன், தன் முகத்தைப் படமாக்கி வைக்க வேண்டும் என்று மெனக்கெட்டுப் புளியந்தீவு ஸ்டூடியோவுக்கு வருவது குறைவு. உத்தியோகத்தர்கள் வருவார்கள், புது மாப்பிள்ளைகள் வருவார்கள். மற்றவர்களுக்கெல்லாம் ஒரு முகத்தின் அருமை, அந்த முகத்துக்கு வாய்க்கரிசி போடுகிற நேரத்தில்தான் தெரியும். அப்போதுதான் செத்த வீட்டில் யாராவது ஒருவர் படம் பிடிக்கிறவரைக் கூட்டிவரச் சொல்வார். நல்லரத்தினம் கமராவையும் முக்காலியையும் தூக்கிக்கொண்டு மாட்டுவண்டியில் ஏறுவார்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. மூடின கண்ணோடு இருக்கும் படத்தை வீட்டுக்குள் மாட்டினால் குடும்பத்துக்கு ஆகாது என்று சனங்கள் நம்பினார்கள். ஆகவே படத்தைக் கழுவி எடுத்த பிறகு அதில் கண்ணைத் திறந்துவைக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் அவருடைய பெண்சாதி சீதேவிப்பிள்ளை. மிஷன் பள்ளிக்கூடத்தில் தாளில் பூவும் கிளியும் கீறி நிறம் தீட்டப் பழகிய கை அது. கலியாணம் முடித்து வந்த இடத்தில் அந்தக் கைக்குக் கிடைத்தது பிணங்களின் இமை.

ஆரம்பத்தில் அவள் ஒழுங்காகத்தான் செய்தாள். செத்தவருக்குக் கண் எப்படி இருக்கும், பெரிதா சிறிதா என்று வீட்டாரிடம் விசாரிப்பாள். அவர்கள் அழுவார்களே தவிர ஒருவருக்கும் சொல்லத் தெரியாது. நல்ல கண் என்பார்கள், மிஞ்சிப் போனால் கறுத்தக் கண் என்பார்கள். நாளடைவில் அவள் கேட்பதையே விட்டுவிட்டாள். மெல்லிய தூரிகையால் கறுப்பு மையில் ஒரு வட்டம், மேலே இமைக்கு ஒரு கோடு, ஓரத்தில் வெளிச்சத்துக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. கரடியனாற்றில் வயல் உழுத கமக்காரனுக்கும் அதே கண்தான், அரசாங்கக் கச்சேரிக் கிளாக்கருக்கும் அதே கண்தான். படத்தை வாங்கிப் பார்த்தவர்கள் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார்கள். ஆள் மாறிப்போயிற்று என்று ஒருவரும் திருப்பிக் கொண்டுவரவில்லை.

இப்படிப் பிணங்களுக்குக் கண் போட்டே பழகியவளுக்கு மனதில் ஒரு பயம் குடியேறியிருந்தது. படம் என்றால் சாவு. தன் ஒரே மகள் தெய்வானையைக் கமராவுக்கு முன்னால் நிறுத்த அவள் விடவேயில்லை. ஊரெல்லாம் படம் பிடிக்கிற மனிதர், தன் பிள்ளையை ஒரு தரம், ஒரே ஒரு தரம் என்று கெஞ்சிப் பார்த்தார். பிள்ளையின் ஆயுசைக் கண்ணாடித் தகட்டுக்குள் பூட்டவா என்று அவள் சீறினாள். கமராத் துணிக்குள் தலையை விட்டு விளையாடப் போனாலும் பிள்ளைக்கு அடி விழும். படம் பிடிக்கிறவரின் வீட்டில் பிள்ளையின் படம் இல்லாமல் ஆறு வருடம் போயிற்று.

மாரி மழை விட்ட கையோடு காய்ச்சல் வந்தது. அவர்கள் குடியிருந்த கல்லடியில் வீட்டுக்கு வீடு நடுங்கிக்கொண்டு கிடந்தார்கள். தெய்வானைக்கு வந்தது மட்டும் திரும்பிப் போகவில்லை. பிள்ளையைக் குளிப்பாட்டி, பச்சைச் சட்டை போட்டு, தலையில் பூ வைத்துக் கிடத்தியிருந்தபோது சீதேவிப்பிள்ளை பெண்களுக்கு நடுவில் நினைவு தப்பிக் கிடந்தாள். அந்த இடைநேரத்தில் நல்லரத்தினம் கமராவைக் கொண்டுவந்து வைத்தார். யாரிடமும் கேட்கவில்லை. நிதானமாக எடுத்தார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். படம் கழுவ வீட்டில் வைத்திருந்த இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திய பிறகு அவர் அழுத சத்தம் வாசல் வரைக்கும் கேட்டதாம்.

படம் துல்லியமாக வந்திருந்தது. மூக்கு, உதடு, நெற்றியில் விழுந்த சுருள் மயிர் எல்லாம் அவளேதான். கண் மட்டும் மூடிக் கிடந்தது. முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த பிறகு அவர் அதைக் கொண்டுவந்து சீதேவிப்பிள்ளையின் மேசையில் வைத்தார். ஆண்டுத் திவசத்துக்காவது பிள்ளையை வீட்டில் மாட்ட வேண்டும், கண்ணை நீதான் திறக்க வேண்டும் என்றார். அவள் படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பிறகு செய்கிறேன் என்றாள்.

அந்தப் பிறகு வரவேயில்லை. அவள் சோறு தின்னவில்லை, தலை வாரவில்லை, வேறு பிணங்களுக்கும் கண் போடவில்லை. திவசத்துக்கு முன்னால் இவளுக்கும் ஒரு படம் எடுக்கவேண்டி வருமோ என்று நல்லரத்தினம் பயந்துபோனார். ஒருநாள் விடியற்காலையில் அவள் தானாக எழும்பி வாவிக்கரைக்குப் போனாள். வரும்போது மடியில் ஒரு பூவரசம் பூ இருந்தது. மஞ்சள் பூ, நடுவில் கருஞ்சிவப்பு. அதை மேசையில் வைத்துக் கீறத் தொடங்கினாள். பொழுது ஏற ஏறப் பூ நிறம் மாறி, பின்னேரம் செம்மை தட்டிச் சுருண்டது. அவள் அந்த நிறங்களை எல்லாம் ஒவ்வொன்றாகத் தாளில் பிடித்துவைத்தாள். அன்று இரவு ஒரு கோப்பை கஞ்சி குடித்தாள்.

அதைக் கண்ட நல்லரத்தினம் தன் பழைய பெட்டிக் கமராவைத் தூசி தட்டி அவள் கையில் கொடுத்தார். ஆளில்லாத படம் எதற்கு என்று கேட்கிற மனிதர்தான் அவர், இருந்தாலும் கொடுத்தார். கல்லடியில் ஒரு பெண்பிள்ளை கமராவைத் தூக்கிக்கொண்டு கரை வழியே திரிவதை ஊர் சும்மா விடுமா? பிள்ளை போன துயரத்தில் பித்துப் பிடித்துவிட்டது என்றார்கள் சிலர். புருசன் கொடுக்கிற இடம் என்றார்கள் வேறு சிலர். அவள் காதில் எதுவும் விழவில்லை. கடற்கரையில் அடம்பன் கொடி விரித்த ஊதாப் பூக்கள், வாவியில் கண்டல் வேரில் குந்தியிருக்கும் கொக்கு, வலை வீசுகிறவனின் முதுகு, பாலத்துக்குக் கீழே காலையில் கிடக்கும் வெளிச்சம் என்று கண்டதையெல்லாம் எடுத்தாள். அவர் கழுவிக் கொடுப்பார். அவள் இருந்து நிறம் தீட்டுவாள். பூ நல்ல பிள்ளை, அசையாதே என்றால் அசையாது. நீ ஏன் என்னைக் காப்பாற்றவில்லை என்று கேட்கவும் கேட்காது.

தூரிகை கையில் இருக்கிற நேரத்தில் தெய்வானை செத்தது அவளுக்கு நினைவில் வராது. முதலில் அது அரை நாழிகையாக இருந்தது. பிறகு ஒரு காலைப் பொழுதாக நீண்டது. சில நாட்களில் விளக்கு வைக்கிற நேரத்தில்தான், ஐயோ இன்றைக்குப் பிள்ளையை நினைக்கவில்லையே என்று துணுக்குறுவாள். துணுக்குற்றாலும் நெஞ்சு முன்னைப்போல வலிக்கவில்லை. அந்த வலி இல்லாதது அவளுக்குப் பிடித்திருந்தது. அதை வெளியே சொல்ல அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது.

வாவிக்கரையில் அவளுக்கு ஒரு கூட்டாளி கிடைத்தாள். காத்தான்குடியில் இருந்து பாய் இழைக்கப் பன் வெட்ட வருகிற ஸாலிஹா. சதுப்பில் முழங்கால் வரை இறங்கி அந்தப் புல்லை வெட்டிக் கரையில் பரப்பிவிட்டு, இவள் படம் எடுப்பதைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். தன்னை மட்டும் எடுக்கக்கூடாது என்று முதல் நாளே சொல்லிவைத்திருந்தாள். திவசம் நெருங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில் பேச்சு பிள்ளைகளின் பக்கம் திரும்பியது. ஸாலிஹாவுக்கும் ஒரு மகன் இருந்து இல்லாமல் போயிருக்கிறான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"எண்ட மவன் மவுத்தாகிக் கனகாலம் கா," என்றாள் ஸாலிஹா, பன்னைக் கட்டிக்கொண்டே. "அவண்ட குரல் நினைப்பிருக்கு. கையப் புடிச்சி நடந்தது நினைப்பிருக்கு. மொகம்தான் இல்ல. மொகத்த நினைச்சா அவண்ட தம்பிட மொகம் வந்து நிக்கிது."

சீதேவிப்பிள்ளை கமராவை மூடினாள். படம் இருந்தால் மறக்குமா என்று ஸாலிஹா கேட்டது அவளுக்கு அரைகுறையாகத்தான் காதில் விழுந்தது. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வீட்டைப் பார்த்து ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

மேசையில் கவிழ்ந்து கிடந்த படத்தை அன்றைக்குத்தான் நிமிர்த்தினாள். தூரிகையை மையில் தொட்டாள். பிள்ளை தன்னைப் பார்க்கிற பார்வையை நினைத்தாள். கோபித்துக்கொண்டு வாசலில் நின்றாளே, அந்தப் பார்வை. வாசல் வந்தது. பச்சைச் சட்டை வந்தது. முழங்கால் காயத்தில் ஒட்டியிருந்த பஞ்சுகூட வந்தது. கண் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு மறுபடியும் நினைத்தாள். அப்போது வந்தது பூவரசம் பூ. எந்த இதழ் எங்கே மடியும், சிவப்பு எந்த இடத்தில் மஞ்சளோடு கலக்கும் என்று கேட்டால் அவள் இருட்டிலும் கீறிக் காட்டுவாள். பத்து மாதம் சுமந்து பெற்ற பிள்ளையின் கண் மட்டும் அவளுக்குத் தெரியவில்லை.

அவள் ஒரு பழந்தாளை எடுத்துக் கண் கீறிப் பார்த்தாள். கை தானாக ஒரு வட்டம் போட்டது, மேலே ஒரு கோடு இழுத்தது, ஓரத்தில் புள்ளி வைத்தது. அது கரடியனாற்றுக் கமக்காரனின் கண். தாளைக் கசக்கி எறிந்துவிட்டு இன்னொன்று கீறினாள். அதுவும் அதே கண்தான். இடுங்கிய கண்ணாகப் போட்டாள், அகன்ற கண்ணாகப் போட்டாள். மேசைக்குக் கீழே குவிந்த தாள்களில் இருந்து ஊரில் செத்தவர்கள் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் வாய்விட்டு அழுதாள். பூக்கள் தன்னை ஏமாற்றிவிட்டன என்று அழுதாள். ஏமாறப் போனது தானேதான் என்று தெரிந்து இன்னும் அழுதாள்.

நல்லரத்தினம் பின்னேரம் வந்து பார்த்தபோது அவள் அப்படியே இருந்தாள். அவரும் பக்கத்தில் தரையில் குந்தினார்.

"இஞ்சாருங்க," என்றாள் அவள். "பிள்ளைட கண் எப்படி இருந்திச்சி?"

செத்த வீட்டுச் சனங்களிடம் அவள் அந்தக் காலத்தில் கேட்ட கேள்வி. அவர் உடனே சொல்ல வாயெடுத்தார். கறுத்தக் கண் என்றார். நல்ல கண் என்றார். ஊரில் உள்ள முகங்களையெல்லாம் தலைகீழாகக் கமராக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து நினைவில் வைத்திருந்த மனிதர். மகளின் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தது ஒரே ஒரு தரம்தான், அப்போது கண் மூடியிருந்தது.

"ஒரு படம் பிடிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும் கா," என்றார்.

அவர் அதைக் குத்திக் காட்டச் சொல்லவில்லை. அவர் அப்படிப்பட்ட ஆளும் இல்லை. அதனால்தான் அது அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. அவர் திட்டியிருந்தால், உன் பயத்தால்தான் பிள்ளையின் முகமும் போயிற்று என்று ஓர் அறை வைத்திருந்தால் அவளுக்கு ஆறியிருக்கும். அவர் அவளுடைய தலைமயிரைக் கோதிவிட்டார். திவசத்துக்கு இனி நாள் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். கண் மூடின பிள்ளையை மாட்டவும் முடியாது. மாட்டாமல் விட்டால் வெறும் சுவருக்கு முன்னால் படைக்க வேண்டும்.

கடைசியில் அவர் தூரிகையை எடுத்து அவளுடைய விரல்களுக்குள் வைத்தார்.

"எப்பவும் போடுற கண்ணையே போடு," என்றார்.

அவள் போட்டாள்.

திவசத்தன்று படத்துக்கு மாலை போட்டு, சாம்பிராணி காட்டி, பிள்ளைக்குப் பிடித்த பால்சோறும் வாழைப்பழமும் படைத்தார்கள். களுதாவளையில் இருந்து வந்த நல்லரத்தினத்தின் தங்கை புஸ்பம் படத்தைக் கண்டதும், என்ட பிள்ளை என்னையே பார்க்கிறாளே என்று சுவரோடு சாய்ந்து அழுதாள். வந்த பெண்களும் அழுதார்கள். நல்லரத்தினமும் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பார்க்கப் பார்க்க அவர் முகம் தெளிவதைச் சீதேவிப்பிள்ளை கண்டாள். அவருக்கு மகள் கிடைத்துவிட்டாள் என்று அவளுக்கு விளங்கியது. இனி அவரிடம் எதையும் சொல்ல முடியாது என்பதும் விளங்கியது.

பெற்றவள் வந்து முதல் பிடி ஊட்ட வேண்டும் என்று புஸ்பம் கூப்பிட்டாள். சீதேவிப்பிள்ளை முன்னால் போய் முழந்தாளிட்டு இருந்தாள். பச்சைச் சட்டையும் சுருள் மயிருமாக யாரோ ஒரு பிள்ளை அவளை விழித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் பால்சோற்றில் ஒரு பிடி எடுத்து அந்தப் பிள்ளையின் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"தின்னு கிளி," என்றாள்.