கட்டிலே கூண்டான பகல்

வாருங்கள், இந்தப் பிரசவ அறைக்குள் வந்து நில்லுங்கள்! பெற்றெடுத்த களைப்புகூடத் தீராத ஒரு தையல்காரியை இங்கே விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். கட்டில்தான் கூண்டு. கட்டியவனும் அவனைப் பெற்றவளுமே நீதிபதிகள்.

குற்றம் என்ன? கர்ப்பகாலப் பரிசோதனையில் இரத்தத்தாலும் உடலுறவாலும் தொற்றிக் கல்லீரலைக் கெடுக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி அவள் இரத்தத்தில் தென்பட்டது. அன்றே மாமியார் அவளுடைய தம்ளரின் அடியில் நகப்பூச்சால் சிவப்புப் பொட்டு வைத்தாள். துணி உலர்த்தும் கொடி இரண்டாயிற்று. கணவனோ தையல் கடைக்கு வந்துபோகிறவர்களை ஒவ்வொருவராக மனத்தில் நிறுத்தி விசாரித்தான். ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்த பெண்ணைக் கூட்டிவந்த அண்ணன்வரை அவன் சந்தேகம் நீண்டது. அவளும் தன்னையே சந்தேகித்தாள். எந்த ஊசி, எந்தப் பல் வைத்தியர் என்று நினைவைத் துழாவித் துழாவிக் களைத்தாள்.

இப்போது செவிலி மருந்துத் தட்டுடன் நிற்கிறாள். "கொஞ்சம் தள்ளுங்க. பாப்பாவுக்கு ரெண்டு ஊசி, தள்ளிப்போடவே கூடாது."

"வேண்டாம்," என்றான் கணவன். "ஊசி போட்டுட்டு, என் பொண்ணுக்கும் சீக்குன்னு முத்திரை குத்திடுவீங்க."

"கொழுகொழுன்னுதானே இருக்கு?" என்றாள் மாமியார். "இவ பண்ண கூத்துக்கு அது எதுக்குக் குத்து வாங்கணும்?"

"கூத்தும் இல்ல, கும்மாளமும் இல்லம்மா. இவங்க பொறந்தப்பவே இவங்க அம்மாகிட்டேருந்து வந்திருக்கலாம். ஒரே தட்டுல சாப்பிட்டாக்கூட இது ஒட்டாது. பிரசவத்துலதான் பிள்ளைக்குத் தாவும். அதைத் தடுக்கத்தான் இந்த ஊசி."

வயிறு வீங்கி இறந்த தன் தாயின் முகம் தையல்காரியின் முன் வந்து நின்றது. எச்சிலுக்கு எத்தனை காவல் போட்டார்கள்! கிருமி உண்மையில் நுழையும் வழியை மட்டும் மானத்தின் பெயரால் திறந்துவைக்கிறார்களே!

"சிஸ்டர், நான் அவ அம்மா. போடுங்க."

"வாயைப் பாரு!" என்றாள் மாமியார்.

"நல்லாத் திட்டுங்க அத்தை. எனக்குக் காது வலிக்கும், அவ்வளவுதான்."

குழந்தை வீறிட்டது; ஊசிகள் இறங்கிவிட்டன. செவிலி கணவன் பக்கம் திரும்பினாள். "நீங்க இன்னும் சோதிச்சுக்கவே இல்லையே. கையை நீட்டுங்க, ரத்தம் எடுக்கணும்."

அவனோ மடித்திருந்த சட்டைக் கையை மெல்ல இறக்கி மணிக்கட்டில் பொத்தானைப் போட்டுக்கொண்டான். தையல்காரி அந்தப் பொத்தானையே பார்த்தாள். சந்தேகம் அவள் கண்ணுக்குக் குடிபெயர்ந்திருந்தது.

தாய்மார்களே, தமையன்மாரே! உங்கள் வீட்டில் பிறக்கப்போகும் குழந்தைக்காக அந்தப் பரிசோதனையைக் கேளுங்கள், அந்த ஊசியைக் கேளுங்கள். அதற்கும் முன்னால், அந்தப் பொத்தானை அவிழ்க்கச் சொல்லுங்கள்!