லிஃப்டருக்கு அரை மணி நேரம்

பட்டறையில் அவனுக்குப் பெயர் பொறுமை. வைத்தவர் முதலாளி. என்ஜினுக்குள் போகும் பதினாறு லிஃப்டரையும் எண்ணெயில் முக்கி, உள்ளே இருக்கும் காற்றெல்லாம் குமிழியாக வெளியேறும்வரை அமுக்கி அமுக்கி எடுக்கிற வேலையை மற்றவர்கள் கொட்டாவியோடு செய்வார்கள். அவன் குழந்தைக்குத் தலை துவட்டுகிற மாதிரி செய்வான். போன வருஷம் ஒரு என்ஜினை அவசரப்பட்டுக் கெடுத்தான் என்று ஆனபிறகும் அந்தப் பெயர் போகவில்லை. கூப்பிடுகிறவர்கள் சிரித்துக்கொண்டே கூப்பிட்டார்கள், அவ்வளவுதான்.

விஷயம் இதுதான். லிஃப்டர் என்பது உள்ளே எண்ணெய் நிரம்பிய ஒரு சின்ன இரும்புக் குப்பி. வால்வுக்கும் அதைத் தள்ளித் திறக்கிற கேம் ஷாஃப்ட்டுக்கும் நடுவில் இடைவெளி விழாமல் பார்த்துக்கொள்ளும். புதிதாக எண்ணெய் ஏற்றி மாட்டினால் கொஞ்சம் உப்பி நிற்கும், வால்வை முழுசாக மூடவிடாது. கேமை இறுக்கியபின் அரை மணி நேரம் சும்மா விட்டால், கூடுதல் எண்ணெயைக் கசியவிட்டுத் தானே அடங்கிவிடும். அதற்குள் யாராவது என்ஜினைச் சுற்றிவிட்டால் போச்சு. மேலே வருகிற பிஸ்டன் வால்வை முட்டி வளைத்துவிடும். அதனால் கடைசி போல்ட்டை இறுக்கியதும், எத்தனை மணிக்குத் தொடலாம் என்று வண்டியின் பானெட்டில் சாக்பீஸால் எழுதிவைப்பது பொறுமையின் வழக்கம்.

போன வருஷம் அந்த என்ஜின் கெட்ட அன்றும் 3.40 என்று எழுதிவிட்டு கேஸ்கெட் வாங்கக் கடைக்குப் போனான். திரும்பி வந்தபோது, என்ஜினுக்கு நேர் கீழே வைத்திருந்த எண்ணெய்த் தட்டு ஒரு அடி பின்னால் கிடந்தது. யார் கால் பட்டதோ என்று இழுத்து நேராக வைத்தான். கடிகாரம் 3.40 காட்டியபின்தான் சாவியைத் திருப்பினான். என்ஜின் சத்தில்லாமல் சுற்றியது, பிடிக்கவே இல்லை. என்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினால் ஆறு வால்வுகள் வளைந்து கிடந்தன.

அவன் அப்பா இறந்து அப்போது மூன்று வாரம்தான். தூக்கம் கிடையாது. "மணி பார்த்ததுல தப்பு பண்ணிட்டேன் போல முதலாளி" என்று அவனே சொல்லிவிட்டான். அதே பட்டறையில் வேலை பார்க்கிற மச்சான், அதாவது அவன் மனைவியின் அண்ணன், முன்னால் வந்தார்.

"மூணே கால் தாண்டியும் போல்ட்டை இறுக்கிட்டிருந்தான், நானே பார்த்தேன். அப்பா போன துக்கம் முதலாளி. என் முகத்தைப் பார்த்து விட்டுடுங்க."

முதலாளி விட்டுவிட்டார். வேலை போகவில்லை, என்ஜின் வேலைதான் போயிற்று. அது மச்சானுக்குக் கிடைத்தது. பொறுமை ஒரு வருஷமாக டயர் கழற்றினான், எண்ணெய் மாற்றினான். "எங்கண்ணன் இல்லைன்னா நாம தெருவுலதான் நின்னிருப்போம்" என்று மனைவி வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்வாள். மச்சான் வீட்டுக்கு வந்தால் ஃபேனுக்கு நேரே இருக்கிற நாற்காலி அவருக்குத்தான். பொறுமையே இழுத்துப் போடுவான். நன்றி என்றால் அப்படியொரு நன்றி.

இன்று காலை ரொட்டிக்கடை வேன் ஒன்று வந்தது. கேம் மாற்ற வேண்டும். முதலாளி பொறுமையைக் கூப்பிட்டார். "உன் மச்சான் கையில வேற என்ஜின் இருக்கு. இதை நீ பண்ணு. இதுவும் போச்சுன்னா என்னைச் சங்கடப்படுத்தாம நீயே கிளம்பிடு."

பொறுமை லிஃப்டர்களை எடுத்த வரிசையிலேயே தட்டில் அடுக்கினான். ஒவ்வொன்றின் பழைய எண்ணெயையும் வெளியேற்றி, புது எண்ணெயில் முக்கி அமுக்கினான். குமிழி நின்றபிறகும் ஐந்து தடவை கூடுதலாக அமுக்கினான். கேமை உட்காரவைத்து, பெல்ட்டை மாட்டி, கடைசி போல்ட்டை இறுக்கியபோது மணி 11.20. பானெட்டில் 11.50 என்று எழுதினான். முன்பெல்லாம் அதோடு போய்விடுவான். இப்போது பயம். பாட்டரிக் கம்பியைக் கழற்றித் துணி சுற்றிவைத்துவிட்டுத்தான் கை கழுவக் குழாயடிக்குப் போனான்.

சோப்புத்தூளைப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தபோது வேனின் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. நுரைக் கையோடு ஓடிவந்தான். ஓட்டுநர் சீட்டில் மச்சான் உட்கார்ந்து சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாட்டரி செத்துப்போச்சா மாப்ளே? செல்ஃபே எடுக்கல."

"எதுக்கு செல்ஃப் அடிக்கிறீங்க?"

"என் டிராலி போக இடமில்ல. கியர்ல போட்டு ஒரு அடி முன்னாடி நகர்த்திக்கலாம்னு பார்த்தேன். எல்லாரும் பண்றதுதானே?"

எல்லாரும் பண்ணுகிறதுதான். வண்டியைத் தள்ளச் சோம்பல்பட்டால், முதல் கியரில் போட்டு சாவியைத் திருப்புவார்கள்; செல்ஃப் மோட்டார் வண்டியை இரண்டு உதறு உதறி முன்னால் கொண்டுபோய்விடும். கூடவே என்ஜினும் சுற்றும்.

"மணி எழுதியிருக்கேனே மச்சான்."

"கவனிக்கல."

பொறுமை தரையைப் பார்த்தான். எண்ணெய்த் தட்டு என்ஜினுக்கு நேர் கீழே இருந்தது. வேன் நகர்ந்திருந்தால் அது ஒரு அடி பின்னால் கிடந்திருக்கும்.

"போன வருஷம் நான் கேஸ்கெட் வாங்கப் போனப்ப அந்த வண்டியையும் நகர்த்தினீங்களா?"

"எந்த வண்டி?" என்று மச்சான் கேட்ட வேகத்திலேயே பதில் இருந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "ஒரு அடிதான் மாப்ளே. டக்குனு ஒரு சத்தம் வந்துச்சு. சொல்லணும்னுதான் இருந்தேன். அதுக்குள்ள நீயே முந்திக்கிட்டு உன் தப்புன்னுட்ட. நான் என்ன பண்ணட்டும்?"

"மூணே கால் தாண்டி போல்ட்டை இறுக்கினேன்னு சொன்னீங்களே, அது?"

"முதலாளி என்னையே பார்த்தாரு. வாயில வந்துடுச்சு."

இனி மச்சானுக்கு மரியாதை எதற்கு, அவன் என்றே சொல்வோம்.

ஒரு வருஷம் டயர் கழற்றியதுகூடப் பொறுமைக்கு அப்போது பெரிதாகத் தெரியவில்லை. அந்த ஒரு வருஷமும் தன் கண்ணையே நம்பவில்லை. அடுப்பை அணைத்தோமா என்று மூன்று தடவை எழுந்துபோய்ப் பார்த்தான். அப்பாவை நினைத்து அழும்போதெல்லாம் கூடவே ஒரு கோபம் வந்தது, நீ செத்ததால்தானே என் கை கெட்டது என்று. ஒரு பாவமும் அறியாத அப்பாமேல் பழியைப் போட்டிருக்கிறான். அந்தப் பழியை எடுத்துக் கையில் கொடுத்தவன், வாய் கூசாமல் துக்கம் என்று சொன்னவன், பொறுமையின் வீட்டு ஃபேனுக்கு நேரே கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறான். பொறுமையே நாற்காலி இழுத்துப் போட்டிருக்கிறான். நினைக்க நினைக்க உடம்பெல்லாம் எரிந்தது.

"தங்கச்சிக்குத் தெரிய வேணாம் மாப்ளே" என்றான் மச்சான்.

பொறுமை வேன் சாவியை உருவிக்கொண்டு போய்க் கை நுரையைக் கழுவினான். 11.50 ஆனதும் ஸ்பேனரைப் போட்டுக் கையாலேயே என்ஜினை இரண்டு சுற்று சுற்றினான். எங்கும் முட்டவில்லை. மிச்சத்தை மூடி, கம்பியை மாட்டி, சாவியைத் திருப்பினான். சில நொடி டிக் டிக்கென்று அடித்தது, பிறகு அடங்கிச் சீராக ஓடியது. முதலாளி வெளியே வந்து தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"பழைய கை திரும்பிடுச்சுடா! உன் மச்சானுக்கு நன்றி சொல்லு. அன்னைக்கு அவன் பேசலைன்னா நீ இங்க ஏது?"

"சொல்றேன் முதலாளி."

அவர் அறைக்குள் போனதும் பொறுமை சாக்பீஸை எடுத்தான். மச்சானின் டூல் பெட்டி மூடியில் 12.40 என்று எழுதினான்.

"இப்ப பன்னண்டு பத்து. அரை மணி நேரம் இருக்கு. நீங்களே உள்ள போய்ச் சொல்லிடுங்க. லிஃப்டருக்கே அவ்வளவு குடுக்கிறோம்."

"விளையாடாத மாப்ளே" என்று மச்சான் சிரித்தான்.

பொறுமை எதிரே ஒரு காலி டப்பாவைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்து மச்சான் பக்கத்தில் வந்து, ஒரே குடும்பம், வெளியே தெரிந்தால் யாருக்கு அசிங்கம் என்றான். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து எண்ணெய்த் துணியை எடுத்து மூடியிலிருந்த எழுத்தைச் சுத்தமாகத் துடைத்தான். பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி குனிந்து தன் வேலையைப் பார்த்தான்.

அதுவரை பொறுமைக்கு உள்ளே எங்கோ ஒரு நம்பிக்கை ஒட்டிக்கொண்டிருந்தது, எப்படியும் போய்ச் சொல்லிவிடுவார் என்று. எழுத்தோடு அதுவும் போயிற்று. ஆனாலும் பொறுமை எழவில்லை. சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். 12.40 ஆனதும் கையைத் துடைத்துக்கொண்டு போய் முதலாளியின் கதவைத் தட்டினான்.

"முதலாளி, போன வருஷம் நான் மணி சரியாத்தான் பார்த்தேன்."