உள்ளே விட்டு அடித்தல்

யோகலிங்கம் ஸ்ராலின்கிராட்டை உளுந்து வடையில்தான் விளங்கப்படுத்துவார். வடையின் ஓட்டைக்குள் கட்லட்டில் ஒரு துண்டைக் கிள்ளி வைப்பார். அது ஜெர்மன்காரரின் ஆறாவது படை. சுற்றிவர உள்ள வடை, ரஷ்யர்கள். பாடம் முடிந்ததும் இரண்டையும் சேர்த்து வாயில் போட்டுவிடுவார். ரஷ்யர்களையும் ஏன் விழுங்கினீர்கள் என்று நாங்கள் ஒருவரும் கேட்டதில்லை.

இது நடந்தது 2008 ஐப்பசியில், ஒஸ்லோவில், எங்கள் பிள்ளைகள் சனிக்கிழமைகளில் தமிழ் படிக்கிற பள்ளிக்கூடத்தில். பிள்ளைகள் மேல்மாடியில் வல்லின மெல்லினத்தோடு மல்லுக்கட்ட, தகப்பன்மார் நாங்கள் கீழே சாப்பாட்டு அறையில் தேத்தண்ணீரோடு இருந்து போரை நடத்துவோம். வன்னியில் ஆமி கிளிநொச்சிக்குக் கிட்ட வந்துவிட்டது. ஒவ்வொரு ஊரும் விழ விழ எங்களுக்கு முகம் கறுத்தது, யோகலிங்கத்துக்கு வெளித்தது. மனிசன் பஸ் ஓட்டுகிறவர். நூலகத்தில் கிழக்குப் போர்முனையைப் பற்றி மூன்று தடித்த புத்தகம் எடுத்துப் படித்திருந்தார். சும்மா சொல்லக்கூடாது, திகதி, படைப்பிரிவு, தளபதி பெயர் எல்லாம் தண்ணீர்பட்டபாடு.

“உள்ளுக்கை விட்டு அடிக்கிறது” என்பதுதான் அந்த வருடம் எங்கள் எல்லோருடைய வாயிலும் இருந்த வசனம். ஜெர்மன்காரன் மொஸ்கோ வாசல் வரைக்கும் போனான், வொல்கா ஆற்றங்கரையில் கால் கழுவினான். ரஷ்யன் விட்டான். விட்டுப்போட்டுத்தான் அடித்தான். ஆகவே மன்னார் போனதும் திட்டம், மல்லாவி போனதும் திட்டம். ரஷ்யனுக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான மைல் நிலம் இருந்ததே, வன்னியில் பின்னுக்குப் போனால் கடல்தானே என்று நான் ஒருநாள் கேட்டேன். யோகலிங்கம் என்னை இரக்கத்தோடு பார்த்தார். பனிக்குப் பதிலாக மாரிமழை வரும், சேற்றில் டாங்கி புதையும் என்றார். நான் கடலைப் பற்றிக் கேட்டேன், அவர் மழையைப் பற்றிச் சொன்னார். அதுவே எனக்குப் போதுமாக இருந்தது. நம்ப வேணும் என்று முடிவெடுத்தவனுக்கு என்னத்தைச் சொன்னாலும் போதும்.

எனக்கு நம்ப வேண்டிய தேவை இருந்தது. என் ஒரே தங்கச்சி அருள்நாயகி அங்கேதான் இருந்தாள். கூரைத் தகரத்தைக் கழற்றி லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு மூன்று தரம் இடம்பெயர்ந்து, கடைசியாகத் தருமபுரத்தில் ஒரு கொட்டிலில். பிள்ளைகள் இல்லை. புருசனுக்கு இருதய வருத்தம். அந்தக் கிழமை அவருக்கு வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போக இயக்கத்தின் பாஸ் கிடைத்திருந்தது. பாஸ் இல்லாமல் அங்கேயிருந்து ஒரு சனமும் வெளியே வர ஏலாத காலம். நோயாளிக்கு ஒன்று, துணைக்குப் போகிறவருக்கு ஒன்று. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் போக வேணும். போனால் திரும்பி வர முடியாது, அங்கால் ஆமிக்காரரின் முகாமில் என்ன நடக்கும் என்றும் தெரியாது. அவள் வெள்ளிக்கிழமை போன் எடுத்து, அண்ணை என்ன சொல்லுறியளோ அப்படிச் செய்கிறோம், ஞாயிறு மத்தியானம் எடுக்கிறேன் என்றாள்.

சனிக்கிழமை யோகலிங்கத்திடம் போனேன். அவர் வடையைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். அவர் வடையைக் கீழே வைத்ததை அன்றுதான் பார்த்தேன்.

“இப்ப போறவை பிறகு கவலைப்படுவினம், சிறி. அடி விழப்போகுது. இருக்கச் சொல்லுங்கோ,” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நான் தங்கச்சியிடம் இருக்கச் சொன்னேன். ஸ்ராலின்கிராட்டையும் கொஞ்சம் சேர்த்துச் சொன்னேன். சொல்லி முடிக்க எனக்கே வீரம் வந்தது. அன்று இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டேன்.

நான் வேலை செய்வது ஒரு ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில். கட்டில் விரிப்புகளை ஒரு முனையில் நானும் மறு முனையில் லுட்மிலாவும் பிடித்து மடிப்போம். அவள் ரஷ்யாக்காரி, என் வயதுதான், லெனின்கிராட்டில் பிறந்தவள். அந்த நகரத்துக்கு இப்போது வேறு பெயர் என்றாலும், அம்மா பசி கிடந்தபோது இருந்த பெயர் அதுதான் என்று அவள் மாற்றவில்லை. திங்கட்கிழமை, வீரம் இன்னும் மிச்சமிருந்ததால், நீங்கள் ஜெர்மன்காரருக்கு எப்படித் தாக்குப்பிடித்தீர்கள் என்று கேட்டேன். எங்கள் இரண்டு பேருடைய நோர்வேஜிய மொழியும் நொண்டிதான், ஆனால் பல வருடமாக இரண்டும் ஒன்றாக நொண்டிப் பழகிவிட்டன.

அவள் மடிப்பதை நிறுத்தாமலே சொன்னாள். ஏறக்குறைய தொள்ளாயிரம் நாள் முற்றுகை. ஒரு கட்டத்தில் ஆளுக்கு நூற்றியிருபத்தைந்து கிராம் பாண், அதிலும் பாதி மரத்தூள். தச்சுவேலைப் பசையைக் காய்ச்சி அதற்குள் ஒரு வாசனை இலை போட்டுக் குடித்தார்கள். இலை எதற்கு என்று கேட்டேன். சூப் என்று சொல்ல வேண்டுமே என்றாள். முற்றுகைக்கு முதல், ஆவணி மாதத்தில், அவர்களுக்கு வெளியேறும் ரயிலில் இடம் கிடைத்திருந்ததாம். அவளுடைய பாட்டனார் பேப்பர் விழுந்து விழுந்து படிக்கிறவர். இலையுதிர் காலத்துக்குள் அடித்துக் கலைத்துவிடுவார்கள், ஒருவரும் அசைய வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

“நாடு தாக்குப்பிடித்தது, சிறி. அதற்குப் பதக்கமெல்லாம் கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் எட்டுப் பேர். அம்மா மட்டும் மிச்சம்.”

அவள் தன் பக்கத்து முனைகளைக் கொண்டுவந்து என் கையில் தந்தாள். நான் பிடிக்க மறந்து விரிப்பு நிலத்தில் விழுந்தது. நிலத்தில் விழுந்ததை மறுபடி தோய்க்க வேணும் என்று அவள் எடுத்துக்கொண்டு போனாள். விசரன் நான். உடம்பெல்லாம் சேர்த்து நூறு கிலோ இருக்கிற நான் ஒஸ்லோவில் இருந்துகொண்டு தங்கச்சியைத் தாக்குப்பிடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

அவள் போன் கதைக்கிற கடையின் நம்பர் என்னிடம் இருந்தது. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் லைன் கிடைக்கவில்லை. வியாழக்கிழமை காலை வேலை இடைவேளையில் எடுத்தபோது அங்கே மணி அடித்தது. கடைக்காரர் சூசைரட்ணம் ஆளை அனுப்பிக் கூப்பிட்டுவிட்டார். அவள் மூச்சு வாங்க வந்தாள்.

“அருள், நான் சொன்னதை விடு. நாளைக்கு விடியவே ரெண்டு பேரும் வெளிக்கிடுங்கோ.”

“பாஸைத் திங்கக்கிழமையே திருப்பிக் குடுத்திட்டம் அண்ணை. போகாட்டித் தரச் சொன்னவை. வேறை ஆரோ அதிலை போயிட்டினம்.”

அவள்தான் என்னைத் தேற்றினாள். ஒன்றுக்கும் யோசிக்க வேண்டாமாம். நான் சொன்னதை ஒழுங்கை முழுக்கச் சொல்லிவிட்டாளாம். எப்படியாவது கடல் பக்கத்தால் போய்விடலாம் என்று நின்ற ஆறு குடும்பம் மூட்டையை அவிழ்த்துவிட்டதாம், இனிமேல்தான் நிம்மதியாக நித்திரை கொள்கிறார்களாம். எனக்கு விளங்கவில்லை. நான் ஆர், என்னுடைய சொல்லுக்கு ஆறு குடும்பம் ஏன் மூட்டை அவிழ்க்க வேணும் என்று கேட்டேன். அவள் சிரித்தாள். நோர்வேக்காரர்தானே சமாதானம் பேச வந்தவர்கள். ஒஸ்லோவில் இருந்து வெள்ளை வாகனத்தில் கிளிநொச்சிக்கு வந்து போனவர்கள். ஒஸ்லோவில் இருக்கிற எங்கள் அண்ணைக்கு உள்வீட்டுக் கதை தெரியாமல் வேறு ஆருக்குத் தெரியும் என்றாள்.

பத்தொன்பது வருடம் இங்கே இருக்கிறேன். என்னிடம் உள்வீட்டுக் கதை கேட்டது வரிக் கந்தோர் மட்டும்தான்.

நான் பதில் சொல்வதற்குள் சூசைரட்ணம் ரிசீவரை வாங்கிவிட்டார். “ஐயா, கடையிலை பத்துப் பன்னிரண்டு சனம் நிக்குது. உங்கடை வாயாலை ஒருக்காச் சொன்னால் காணும். இருக்கிறதோ, போறதோ?”

நான் எழுந்து நின்றேன். வாழ்க்கையில் ஒருதரமாவது திருத்தமாகப் பேசவேணும் என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். “எனக்கு ஒண்டும் தெரியாது. நான் இஞ்சை ஆஸ்பத்திரியிலை விரிப்பு மடிக்கிறனான். அண்டைக்குச் சொன்னது பிழை. ஒருத்தரும் இருக்க வேண்டாம், ஏலுமான வழியாலை எல்லாரும் வெளிக்கிடுங்கோ.”

சூசைரட்ணம் குரலைத் தாழ்த்தி, மரியாதையோடு சொன்னார். “விளங்குது ஐயா. ஆமி ஒட்டுக்கேக்கிற லைன். மாறித்தான் சொல்லவேணும்.”

நான் இல்லை, இல்லை என்று கத்தினேன். அவர் ரிசீவரைக் காதிலிருந்து எடுத்துவிட்டார். “இருக்கட்டாம்,” என்று கடையில் நின்றவர்களுக்கு அவர் சொன்னதும், அவர்கள் சந்தோசத்தில் ஒன்றாகக் கதைக்கத் தொடங்கியதும் கேட்டது. லைன் அறும்வரை அதற்குள் என் தங்கச்சியின் குரலும் கேட்டது.