மியர் வழியே முள்மரம் வரை

1.

இந்தக் கதை ஒரு வீட்டுப்பாடத்திலிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். செவ்வாய்க்கிழமை மாலை எழுத்து வகுப்பில், குடியிருக்கும் ஊரின் வரலாற்றை இரண்டு பக்கத்தில் எழுதி வரச் சொன்னார்கள். வின்டர்கோட்டில் நான் ஒன்பது வருடமாக இருக்கிறேன். இரண்டு பக்கம் என்ன, இருபதே வரும் என்று உட்கார்ந்தேன். வந்தவை இவை:

(அ) வரைபடத்தில் பார்த்தால் வின்டர்கோட் பங்கு, யாரோ மிதித்துவிட்டுப் போன கையுறை போல

(ஆ) 1612ஆம் ஆண்டு மே மாதத்தில் பதினோரு ஆண்களும் இரண்டு நாய்களும்

(இ) எல்லை என்பதுதான் என்ன?

மூன்றாவதை எழுதியவுடன் எனக்கு என்மேலேயே கோபம் வந்தது. மூன்றையும் அடித்துவிட்டேன். அடித்தது தெரியட்டும் என்று அப்படியே வைத்திருக்கிறேன்.

2.

ஊரை விட்டுவிட்டு ஆளிடமிருந்து தொடங்குகிறேன்.

டார்கஸ் டில்ப்ரூக்குக்கு ஐம்பத்தாறு வயது. இருபத்திரண்டு வருடமாக எங்கள் பங்கின், அதாவது தேவாலயத்தைச் சுற்றிய இந்தச் சிற்றூராட்சியின், எழுத்தர். கூட்டக் குறிப்பு, தெருவிளக்குப் புகார், யார் வேலி யார் பாதைக்குள் வளர்ந்திருக்கிறது என்ற வழக்கு எல்லாம் அவள் கையில். அவளுக்கு உலகத்தில் பிடிக்காத ஒரே இடம் பக்கத்துப் பங்கான மார்ஸ்டோ. காரணம் கேட்டால், "அங்க கூட்டத்தை நேரத்துக்கு ஆரம்பிக்கிறதே இல்ல" என்பாள்.

குளிர்காலத்தில் மாவட்ட அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. நூறு வாக்காளருக்குக் குறைவான பங்குகள் அக்டோபரில் பக்கத்துப் பங்கோடு இணைக்கப்படும். எங்களிடம் தொண்ணூற்றொரு பேர். டார்கஸ் கடிதத்தை இரண்டு முறை படித்து, தேதி முத்திரை குத்தி, கோப்பில் வைத்தாள். பிறகு அரை மணி நேரம் முத்திரைக் கட்டையைக் கையிலேயே வைத்திருந்தாள்.

(இந்த அரை மணி நேரம் என் கற்பனை. அன்று நான் அங்கே இல்லை. ஆனால் கோப்பைப் பார்த்தேன்; முத்திரை கோணலாக விழுந்திருந்தது. அவள் முத்திரை கோணலாக விழுந்து நான் பார்த்ததில்லை.)

3.

ஏப்ரலில் தேவாலயத்துப் பழைய மரப்பெட்டியைச் சுத்தம் செய்தபோது அவளுக்கு ஒரு தாள் கிடைத்தது. 1612இல் பங்கின் எல்லையைச் சுற்றி நடந்தவர்கள் எழுதிவைத்தது. அதில் ஒரு வரி: "அங்கிருந்து மியர் வழியே முள்மரம் வரை."

மியர் என்றால் எங்களுக்குக் குளம். எங்கள் வாத்துக்குளத்துக்கே அதுதான் பெயர். 1841இல் வரைபடம் போட வந்தவரும் அப்படித்தான் படித்து, குளத்தைச் சுற்றிக் கோடு இழுத்துவிட்டுப் போனார். ஆனால் அந்தக் குளம் செங்கல்லுக்கு மண் எடுத்த பள்ளம், வெட்டியது 1793இல். 1612இல் அங்கே தவளைகூட இருந்திருக்காது. பழைய பேச்சில் மியர் என்ற சொல்லுக்கு இன்னொரு பொருள் உண்டு: எல்லை மேடு.

(தமிழில் 'கரை' என்று எழுதினால் குளத்துக்கும் பொருந்தும், எல்லைக்கும் பொருந்தும். அந்த வரைபடக்காரரைக் கேலி செய்ய எனக்குத் தகுதி இல்லை.)

மேடு இன்னும் இருக்கிறது. அதன் வழியே கோடு போனால், மார்ஸ்டோவில் இருக்கும் தோட்டத் தெருவின் பதினோரு வீடுகள் எங்களுக்கு வந்துவிடும். பங்கு பிழைத்துவிடும். ஒரே ஒரு வீடு மட்டும் கோட்டுக்கு அந்தப் பக்கம், மார்ஸ்டோவுக்குப் போய்விடும். அது டார்கஸின் வீடு.

4.

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். டார்கஸ் அந்தத் தாளை மூன்று வாரம் யாரிடமும் காட்டவில்லை. முதல் வரைவில் இதை மறைத்து, கிடைத்த அன்றே அவள் ஓடிவந்து காட்டியதாக எழுதினேன். படித்தபோது அது டார்கஸாக இல்லை, நன்றி அறிவிப்புப் பலகையாக இருந்தது.

மூன்று வாரமும் அவள் இதைத்தான் யோசித்திருப்பாள் என்று நினைக்கிறேன். தாளை மறைத்தால், தொண்ணூற்றொரு பேரும் சேர்ந்து மார்ஸ்டோவுக்குப் போவார்கள், அவளும் கூட்டத்தோடு. தாளைக் காட்டினால், எல்லோரும் இருப்பார்கள். அவள் மட்டும் தனியாகப் போக...

5.

போன ஞாயிறு எல்லை நடை. வருடத்துக்கு ஒருமுறை வில்லோ மரக் குச்சியோடு சுற்றி வந்து எல்லைக் கற்களை அடிப்போம். புதிதாகக் குடிவந்தவரைத் தூக்கிக் கல்லின்மேல் மூன்று தரம் உட்கார்த்துவோம், எல்லை மறக்காமல் இருக்க. (எனக்கு மறக்கவில்லை.) டார்கஸ் முன்னால். பின்னால் பண்ணைக்காரர் கிளெம் ரட்கின், போதகர் ஹெஸ்டர், நான் நோட்டுப் புத்தகத்தோடு, இன்னும் பத்துப் பேர். பாதை பிரியும் இடத்தில் டார்கஸ் வலதுபக்கம் திரும்பினாள்.

"ஏம்மா டார்கஸ், குளம் இந்தப் பக்கம்," என்றார் கிளெம். "வாத்தெல்லாம் சாண்ட்விச்சுக்குக் காத்துக்கிட்டிருக்கு."

"காத்திருக்கட்டும். இன்னிக்கி மேட்டு வழி."

"நாப்பது வருஷமா இடதுபக்கம்தானே போறோம்?"

"நாப்பது வருஷமா தப்பாப் போறோம், கிளெம்."

தாளை எடுத்துப் படித்தாள். கூட்டக் குறிப்பு வாசிக்கும் அதே குரல். போதகர் ஹெஸ்டர் விரல்விட்டு எண்ணினார்.

"பதினோரு வீட்டுல பத்தொம்பது ஓட்டு... தொண்ணூத்தொண்ணும் பத்தொம்பதும்... நூத்திப் பத்து! டார்கஸ், நாம தப்பிச்சோம்!"

"நூத்தி ஒம்பது, போதகரம்மா. என்னையும் சேத்து எண்ணிட்டீங்க."

கிளெம் தொப்பியைக் கழற்றினார். "நீ மார்ஸ்டோவா? அவனுங்களே உன்ன வச்சுக்க மாட்டானுங்க."

6.

மேடு அவள் முன்வேலி வரை வந்து மறைகிறது. வீட்டுக்குப் பின்னால் மறுபடி எழுகிறது. நடுவில் வீடு. எல்லையின்மேல் வீடு இருந்தால், நடப்பவர்கள் வீட்டுக்குள் புகுந்துதான் போக வேண்டும், அதுதான் வழக்கம். எல்லோரையும் பூட்ஸ் துடைக்க வைத்துவிட்டு டார்கஸ் உள்ளே விட்டாள்.

துணி உலர்த்தும் கயிறு ஒன்று சமையலறை வழியாகப் படுக்கையறைக்குள் நேராகக் கட்டியிருந்தது. முன்பே அளந்துவிட்டிருக்கிறாள். எங்கள் வட்டாரத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு: கோடு வீட்டுக்குள் போனால், ஆள் தூங்குமிடம்தான் கணக்கு. கயிற்றுக்கு அந்தப் பக்கம், மார்ஸ்டோவில், கட்டில் இருந்தது. இந்தப் பக்கச் சுவர் ஓரம் வெறுமையாக இருந்தது.

"இவ்வளவுதானா?" என்றார் கிளெம். "கட்டில இந்தச் சுவரோரமாத் தள்ளு. முடிஞ்சுது."

"உன் வேலிய ஒரு அடி உள்ள தள்ளச் சொல்லி இருபத்திரண்டு வருஷமா சண்டை போட்டிருக்கேன். இப்ப என் வசதிக்கு நானே தள்ளுறதா?"

"வேலி தூங்காது, டார்கஸ்."

"எல்லையை யாரும் நகர்த்தலையே," என்றார் ஹெஸ்டர். "உங்களைத்தானே நகர்த்துறோம்."

டார்கஸ் படுக்கையறை வாசலில் நின்றாள். சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

7.

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அவள் தலையசைக்கிறாள், கதையில் சர்க்கரை அதிகமாகிவிட்டது. இன்னொன்றில் கட்டில் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அடுத்த மே மாதம் நாங்கள் அவள் வீட்டுக்குள் நடந்துபோக, அவள் கயிற்றின் அந்தப் பக்கத்திலிருந்து தேநீர் நீட்டுகிறாள். எழுதிவிட்டு நானே இரண்டு முறை ரசித்துப் படித்தேன். அதனாலேயே அதை நம்பவில்லை.

மூன்றாவது முடிவு எழுத முடியாததற்குக் காரணம் எளிது. அந்த நேரத்தில் என் கையில் பென்சில் இல்லை. கட்டிலின் ஒரு மூலையைக் கிளெம் பிடித்திருந்தார், ஒன்றை ஹெஸ்டர், மூன்றாவதை நான். ஓக் மரக் கட்டில். மூன்று பேரால் அசையாது. மற்றவர்கள் சமையலறையில் தங்கள் பூட்ஸையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். டார்கஸ் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலாவது மூலை உங்கள் பக்கம் இருக்கிறது. முதலில் பூட்ஸைத் துடையுங்கள். பிடிப்பதா வேண்டாமா என்று அவள் முகத்தைப் பார்த்து நீங்களே முடிவுசெய்யுங்கள். எனக்கு முதுகுதான் வலிக்கிறது.