முதல் தேர்வில் தோற்கும் ஊர்

ஐரின் கொண்டுபோன மூன்றாவது தலைப்பும் செத்தது. கொன்றவர் அவளுடைய கைடு பத்மாசினி மேடம். அவருக்கு அது அரை நிமிட வேலை. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, தலைப்பை மட்டும் வாசித்துவிட்டு, "இதையெல்லாம் இதுக்கு முன்னாடி யாரும்மா பண்ணியிருக்கா?" என்பார். யாரும் பண்ணவில்லை, அதனால்தான் பண்ணலாம் என்று நினைத்தேன் என்றால், "யாரும் பண்ணலைன்னா ஏதோ காரணம் இருக்கும்ல?" என்பார். இதற்கு என்ன பதில் சொல்லித் தொலைப்பது?

அந்த நர்சிங் கல்லூரியில் எம்.எஸ்சி. ஆராய்ச்சி என்றால் ஒரே அச்சுதான். ஏதாவது ஒரு நோயைப் பற்றிக் கேள்வித்தாள் தயார் செய்ய வேண்டும். ஓர் ஊருக்குப் போய் அதை எழுதச் சொல்ல வேண்டும். அது பிரீ டெஸ்ட். அப்புறம் கலர் கலராகப் படம் ஒட்டிய அட்டைகளை வைத்து அரை மணி நேரம் பாடம் நடத்த வேண்டும். ஒரு வாரம் கழித்துப் போய் அதே கேள்வித்தாளைத் திரும்பவும் கொடுக்க வேண்டும். அது போஸ்ட் டெஸ்ட். மதிப்பெண் ஏறியிருக்கும். ஆகவே பாடம் பலன் தந்தது என்று முடித்து, கெட்டி அட்டை போட்டு, தங்க எழுத்தில் பெயர் பொறித்து நூலகத்தில் அடுக்கிவிடலாம். வருஷா வருஷம் நோய் மாறும், படம் மாறும், பெயர் மாறும். ஆனால் தோற்றுப்போன ஆராய்ச்சி என்று ஒன்று அந்த நூலகத்தில் மருந்துக்கும் கிடையாது.

"சர்க்கரை நோயாளிகளுக்குப் பாதப் பராமரிப்பு. ஊரு வாகைப்பொட்டல். எழுதிக்கோ," என்றார் மேடம். "தங்கமான சனங்க. நான் பி.எச்டி. பண்ணினதே அங்கதான். வெள்ளிக்கிழமை தலைப்புக் கமிட்டி. அதுலயும் பாஸாகலைன்னா, அடுத்த வருஷம் ஜூனியர் பிள்ளைங்களோட உக்காந்து எழுது."

அடுத்த வருஷமா! ஜூனில் வந்து சேரச் சொல்லி திருமங்கலத்தில் ஒரு கல்லூரி ஆசிரியை வேலை வைத்துக் காத்திருந்தது. வெள்ளிக்கிழமை கோட்டை விட்டால் அதுவும் போச்சு. அதைவிடப் பெரிய உறுத்தல் ஒன்றும் இருந்தது. இந்தப் படிப்புக்கு வருமுன் ஐரின் சர்ஜிக்கல் வார்டில் வேலை பார்த்தவள். சர்க்கரையால் கால் மரத்துப்போய், ஒரு சின்ன முள்ளைக் கவனிக்காமல் விட்டவர்கள் விரலைக் கொடுத்ததையும், விரலில் நிற்காமல் முழங்கால் வரைக்கும் கொடுத்ததையும் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். தன் ஆராய்ச்சியால் ஒரே ஒரு காலாவது தப்ப வேண்டும் என்றுதான் வேலையை விட்டுவிட்டுப் படிக்க வந்தாள். தங்க எழுத்துக்காக இல்லை.

சரி, பாதம் என்று மேடமே சொல்லிவிட்டார், அதுவரைக்கும் லாபம் என்று மறுநாளே பஸ் ஏறினாள். ஊராட்சித் தலைவரிடம் அனுமதிக் கடிதம் வாங்க வேண்டும். திருமங்கலத்தில் பஸ் மாறி, பருத்திக் காட்டையும் சீமைக்கருவேலத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வாகைப்பொட்டலில் இறங்கினாள். தலைவரைத் தேடும் வேலையே வைக்காமல், மகளிர் குழுக் கட்டடத்து வாசலில் நின்ற ஓர் அம்மாள் அவள் வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் கையைத் தட்டிக் கூப்பிட்டாள். சீனியம்மாள், குழுவின் தலைவி. அந்த ஊரில் அவளுக்குத் தெரியாமல் காக்காய்கூடப் பறக்காது.

"நர்சு காலேஜுதான? வா தாயி, வா. இந்த வருசம் என்ன? டெங்குவா, தாய்ப்பாலா, சுகரா?"

"சுகர்க்கா. காலைப் பாத்துக்கிறது பத்தி."

"காலா? சரி, காலு. ஆளு எம்புட்டு வேணும்?"

"அறுபது பேர் இருந்தா போதும்க்கா."

"அம்புட்டுப் பேரு தாராளமா இருக்கோம். எனக்கே சுகருதான். மொதப் பரீட்சைல எம்புட்டு மார்க்கு வாங்கணும்னு சொல்லிரு. போன வருசத்துப் புள்ள, பாதிக்குக் கீழ இருந்தா நல்லதுன்னுச்சு."

ஐரின் திருதிருவென்று விழித்தாள். சீனியம்மாளுக்கு இந்தப் பெண்ணைப் பார்க்கப் பாவமாகப் போய்விட்டது.

"மொதத் தடவ தப்புத் தப்பா எழுதணும். நீ பாடம் நடத்துனதுக்குப் பெறகு சரியா எழுதணும். இதுகூடத் தெரியாமயா உன்ன அனுப்பி வச்சாக?"

"அப்ப உங்களுக்கெல்லாம் பதில் முன்னாடியே தெரியுமாக்கா?"

கேட்டிருக்கவே வேண்டாம். சீனியம்மாள் கையைக் கட்டிக்கொண்டு ஒரே மூச்சில் ஒப்பித்தாள். "தெனமும் காலக் கழுவணும், வெரலு இடுக்குல ஈரம் இல்லாமத் தொடைக்கணும், வெறுங்காலோட நடக்கக் கூடாது, உள்ளங்காலக் கண்ணாடி வச்சுப் பாக்கணும், நகத்த நேரா வெட்டணும், புண்ணு வந்தா ஒடனே ஆஸ்பத்திரி. போதுமா, டெங்குவும் சொல்லவா?"

"பின்ன எதுக்குக்கா மொதல்ல தப்பா எழுதுறீங்க?"

"அது ஒரு பாவப்பட்ட கதை," என்றாள் சீனியம்மாள். "முன்ன ஒரு புள்ள வந்துச்சு. அதுக்கு முந்தியே நாலஞ்சு பேரு வந்து இதே சுகர் பாடத்த நடத்திட்டுப் போயிட்டாளுக. எங்களுக்கு அத்துப்படி. மொதப் பரீட்சைலயே அம்புட்டுப் பேரும் நூத்துக்கு நூறு. அந்தப் புள்ள அந்தா, அந்தத் தண்ணித் தொட்டித் திண்டுல உக்காந்து ஓன்னு அழுகுது. ஏந்தாயின்னு கேட்டா, நீங்க இப்பவே பாஸாயிட்டா நான் பெயிலுக்கான்னு சொல்லுது. மனசு கேக்குமா? அந்தத் தாளயெல்லாம் கிழிச்சுப் போடு, புதுசு குடு, நாங்க பெயிலாகித் தாறோம்னோம். அன்னைல இருந்து இந்த ஊருக்கு வந்த ஒரு புள்ளயவும் நாங்க அழ விட்டதில்ல."

"அந்தப் பொண்ணு யாருக்கா?"

"பத்மாசினி. இப்பப் பெரிய டீச்சராம்ல? இன்னைக்கு வரைக்கும் தீவாளிக்குப் போன் போட்டுப் பேசும்."

திரும்பி வரும் பஸ்ஸில் ஐரினுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கண்டக்டர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். கப்பலூர் தாண்டும்போது சிரிப்பு நின்றது. அந்த நூலகம் மொத்தமும் ஓர் ஊர் போட்ட பிச்சை! மேடம் சொன்னபடி செய்தால் வெள்ளிக்கிழமை பாஸ், ஜூனில் வேலை, தங்க எழுத்து எல்லாம் கிடைக்கும். எந்தக் காலும் தப்பாது. உண்மையைக் கமிட்டியில் போட்டு உடைத்தால் மேடத்தின் பி.எச்டி. நாறும், தன் படிப்பும் சேர்ந்து நாறும். வழி நெடுக யோசித்தாள். காளவாசல் சிக்னலில் நிற்கும்போது குறுக்குப் புத்தி வேலை செய்தது.

ஊரில் இரண்டு தெரு. வடக்குத் தெருவுக்குப் பாடம் நடத்துவோம். தெற்குத் தெருவுக்கு நடத்த வேண்டாம், இரண்டு தேர்வு மட்டும் வைப்போம். வழக்கம்போல இரண்டாவது தேர்வில் ஊரே பாஸாகும். பாடமே கேட்காத தெற்குத் தெரு எப்படியம்மா பாஸானது என்று மதிப்பெண்ணே எழுந்து நின்று கேட்கும். ஐரின் யாரையும் காட்டிக்கொடுக்க வேண்டியதில்லை. இந்தச் சூட்சுமத்தை எங்கேயும் எழுதவில்லை அவள். மேடம் கொடுத்த அதே தலைப்பின் கீழே, பாடம் நடத்தாமல் ஒப்பிட்டுப் பார்க்கும் குழு என்ற அர்த்தத்தில், "கன்ட்ரோல் குரூப்: தெற்குத் தெரு" என்று மட்டும் பச்சைப் பிள்ளை மாதிரி ஒரு வரி சேர்த்தாள்.

வெள்ளிக்கிழமை கமிட்டியில் பிரின்சிபால், மேடம், புள்ளியியல் பார்க்க வெளியிலிருந்து வரும் ரவிசங்கர் சார் மூவரும் இருந்தார்கள். ரவிசங்கர் சார் கையெழுத்துப் போடவும் பஜ்ஜி சாப்பிடவும் வருகிறவர். அந்தக் கல்லூரியில் இதுவரை ஒருவரும் அவர் கண்ணில் கன்ட்ரோல் குரூப்பைக் காட்டியதில்லை. அந்த வரியைப் பார்த்ததும் பஜ்ஜியைக் கீழே வைத்துவிட்டார். மனுஷனுக்கு வாயெல்லாம் பல்.

"பிரமாதம்மா! இப்படித்தான் பண்ணணும்!"

மேடத்தின் முகம் மட்டும் சுண்டிவிட்டது. "கன்ட்ரோல் குரூப் எதுக்கு? ஒரு தெருவுக்குச் சொல்லிக் கொடுத்துட்டு இன்னொரு தெருவைப் பட்டினி போடுறது நியாயமா?"

"கடைசித் தேர்வு முடிஞ்ச அன்னைக்கே அவங்களுக்கும் நடத்திருவேன் மேடம்."

"பக்கத்துப் பக்கத்துத் தெரு. இங்க சொல்றது அங்க போயிரும்."

"அது நல்ல பாயிண்ட்," என்றார் ரவிசங்கர் சார். "அப்ப வேற ஊரா எடுத்துக்கலாமே?"

"எடுத்துக்கலாம் சார்," என்றாள் ஐரின், பவ்யமாக. "ஆனா வாகைப்பொட்டல் சனங்க மாதிரி வராதுன்னு மேடம்தான் சொன்னாங்க. நானும் போய்ப் பேசிட்டு வந்தேன். மேடத்து மேல உசுரையே வச்சிருக்காங்க. தண்ணித் தொட்டியைக்கூடக் காட்டுனாங்க."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டினார். "வேற ஏதும் ஆட்சேபம் இருக்கா மேடம்?" என்று பிரின்சிபால் கேட்டார். என்னவென்று சொல்வார், பாவம்? ஒன்றுமில்லை என்று கையெழுத்துப் போட்டார். ஐரினுக்கு உள்ளுக்குள் வெடி வெடித்தது. வெளியே வரும்போது மேடம் அவள் தோளைத் தட்டி, "நல்ல டிசைன்," என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தாவது அவள் உஷாராகியிருக்க வேண்டும். வெற்றி மயக்கம், கவனிக்கவில்லை.

அடுத்த வாரம் கேள்வித்தாள் கட்டோடு போய் இறங்கினால், குழுக் கட்டடத்தில் இரண்டு தெருக்காரர்களும் தனித்தனியாக வரிசை கட்டி உட்கார்ந்திருந்தார்கள். சீனியம்மாள் நடுவில் நின்றாள்.

"டீச்சர் போன்ல வெவரமாச் சொல்லிருச்சு தாயி. வடக்குத் தெரு மொதல்ல பெயிலு, அப்பறம் பாஸு. தெற்குத் தெரு ரெண்டு தடவையும் பெயிலு. அதான? தெற்குத் தெருவுல இந்தச் சின்னக்கருப்பன் ஒருத்தன்தான் ஞாபக மறதில பாஸாகித் தொலைப்பான். அதான் அவன வடக்க மாத்தி உக்கார வச்சிட்டேன்."

"தெரிஞ்சதத் தெரியாத மாதிரி எழுத எனக்கு வராது நர்சம்மா," என்றார் சின்னக்கருப்பன், குற்ற உணர்வோடு.

ஐரின் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மூக்கு உடைந்தது என்றால் இதுதான் உடைவது. இனி வரப்போகும் முடிவு அந்தக் கல்லூரி வரலாற்றிலேயே பார்க்காத சுத்தமான முடிவாக இருக்கும். பரிசுகூடக் கொடுப்பார்கள். அத்தனையும் பொய். எந்தக் காலும் தப்பாது என்று நினைத்தபோது கேள்வித்தாள் கட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"ஐயய்யோ, நீயும் அழுகப் போறியா?" சீனியம்மாள் பதறிப்போய் எதிரில் காலை நீட்டி உட்கார்ந்தாள். "என்ன தப்பாப் போச்சு? சொல்லு, மாத்திக்கிருவோம்."

ஐரினுக்கு முன்னால் அவளுடைய இரண்டு உள்ளங்கால்களும் இருந்தன. இடது குதிகாலில் மிளகு அளவுக்குக் கறுப்பாக ஒன்று. அதைச் சுற்றிச் சதை வெளிறி உப்பியிருந்தது. வார்டில் பழகிய கண் அது, தப்பவில்லை. ஐரின் குனிந்து விரலால் அழுத்தினாள். சீழ் வந்தது. சீனியம்மாள் பாட்டுக்குச் சின்னக்கருப்பனின் மறதியைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, வலிக்கலையா?"

"என்னது?"

"கால்ல முள்ளு இருக்குக்கா. ஒடிஞ்சு உள்ளயே இருக்கு."

"வெறகுக்குப் போறதுதான். ஆனா எனக்கு இப்பல்லாம் முள்ளே தைக்கிறதில்ல தாயி," என்றாள் சீனியம்மாள், பெருமையாக.

ஐரின் தன் போனில் அந்தக் குதிகாலைப் படம் பிடித்து அவள் கையில் கொடுத்தாள். சீனியம்மாள் படத்தைப் பார்த்தாள். காலை மடக்கிப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள்.

"உள்ளங்காலைத் தினமும் பாக்கணும்னு என்கிட்ட நீங்கதானக்கா ஒப்பிச்சீங்க?"

"அது பரீட்சைக்குத்தான தாயி?"

ஐரினுக்குக் கோபம் வந்தது. சீனியம்மாள்மீது இல்லை. வருஷா வருஷம் கேள்வித்தாளோடு வந்த ஒருத்திகூடக் குனிந்து ஒரு காலைப் பார்க்கவில்லையே என்று வந்த கோபம். போன வாரம் வந்த தானும்தான் பார்க்கவில்லை. அங்கேயே மேடத்துக்குப் போன் போட்டாள்.

"மேடம், எனக்குக் கேள்வித்தாள் வேண்டாம். காலைப் பாத்துக் குறிக்கப்போறேன். புண்ணு எத்தனை, வெடிப்பு எத்தனை, தொட்டா தெரியாத கால் எத்தனைன்னு."

"விளையாடுறியா? கமிட்டி ஒத்துக்கிட்ட கேள்வித்தாளை நீயா எப்படி மாத்துவ?"

"சீனியம்மாக்கா குதிகால்ல முள்ளு சீழ் பிடிச்சிருக்கு மேடம். அவங்களுக்குத் தெரியவே இல்லை."

மேடத்தின் குரல் சட்டென்று மாறியது. "அந்தக்காவ இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. நானும் வாரேன். கமிட்டிகிட்ட நான் பேசிக்கிறேன்." கூடவே, "போறதுக்கு முன்னாடி மத்தவங்க காலையும் ஒரு தடவ பாத்திரும்மா," என்றார்.

ஆட்டோவுக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, எல்லாரையும் செருப்பைக் கழற்றிக் காலை நீட்டச் சொன்னாள் ஐரின். கழற்றப் பாதிப்பேருக்குச் செருப்பே இல்லை. ஊரே கூச்சப்பட்டு நெளிந்தது. காலைக் காட்டுவதாவது, அதுவும் ஒரு சின்னப் பிள்ளையிடம்! குதிகாலில் ஐரின் பஞ்சு வைத்துக் கட்டிய கட்டோடு சீனியம்மாள்தான் எழுந்து நின்றாள். அதற்குள் தலைவிக்குப் பழைய குரல் வந்திருந்தது.

"ஏ, எல்லாரும் கேட்டுக்கங்கப்பா! பரீட்சை மாறிப்போச்சு. இப்ப மொதத் தடவ புண்ணோட காட்டணும். அடுத்த தடவ இந்தப் புள்ள வாரப்ப எல்லாம் ஆறியிருக்கணும். அதான தாயி?"

"அதேதான்க்கா," என்றாள் ஐரின். "அச்சுப் பிசகாம அப்படியே செஞ்சிருங்க."

தெற்குத் தெரு வரிசையிலிருந்து சோணை என்றொருவர் கையைத் தூக்கினார். அவர் கட்டைவிரலில் ஒரு வெடிப்பில் ரத்தம் கட்டியிருந்தது. மனுஷர் முகத்தில் நிஜமான கவலை.

"எங்களுக்கு ரெண்டு தடவையும் பெயிலுன்னுல்ல சொல்லியிருக்கு. அப்ப நாங்க அடுத்த தடவையும் புண்ணோடயேதான் வரணுமா நர்சம்மா?"

ரவிசங்கர் சாரின் மலர்ந்த முகம் ஒரு கணம் ஐரினுக்கு ஞாபகம் வந்தது. பாவம், மனம் ஒடிந்துபோவார். அவள் பேனாவை எடுத்து, பையிலிருந்த திட்டத் தாளில் கன்ட்ரோல் குரூப் என்ற வரியின் மீது அழுத்திக் கோடு போட்டாள்.

"வேணாம்ண்ணே," என்றாள். "நீங்களும் பாஸாயிருங்க."